துயரைக் கேட்கும் செவியும் துயரோடு அமரும் பயிற்சியும்

 

புத்தர் வகுத்த தியானப் பயிற்சியும் மேலை நாடுகளில் வளர்ந்த உளச்சிகிச்சையும் மனத்துயரை ஆற்றும் பணியில் எவ்வாறு கைகோக்கின்றன என்பதும், அந்தக் கூட்டு முயற்சி பேராக் மாநிலத் தமிழர்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பதுமே இன்றைய சொற்பொழிவின் பொருள். உளச்சிகிச்சை என்பது, பயிற்சி பெற்ற ஒருவர் துயருறும் ஒருவரோடு முறையாக உரையாடி, அவர் தம் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் நடத்தையையும் தாமே கண்டறிந்து மாற்றிக்கொள்ளத் துணைநிற்கும் மருத்துவ முறை. தியானம் என்று இங்கே குறிக்கப்படுவது, மூச்சையும் உடலையும் மனத்தில் எழும் உணர்ச்சிகளையும் எண்ணங்களையும் விருப்பு வெறுப்பின்றி விழிப்போடு கவனிக்கும் பயிற்சி.

இச்சொற்பொழிவின் கருத்தைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: துயருற்ற மனிதருக்கு மூன்று வேண்டும். அவருடைய துயரைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்தத் துயரோடு அஞ்சாமல் அமர்ந்திருக்க ஒரு பயிற்சி வேண்டும். அந்தத் துயரை விளைவித்த நிலைமையை மாற்ற ஒரு சமூகம் வேண்டும். முதலாவதை உளச்சிகிச்சை தருகிறது. இரண்டாவதைத் தியானம் தருகிறது. மூன்றாவதைத் தரவேண்டிய கடமை, இந்த அவையில் அமர்ந்திருப்போர் உள்ளிட்ட ஒவ்வொருவருக்கும் உரியது.

மனநோயைப் பற்றிப் பேச ஈப்போவைக் காட்டிலும் பொருத்தமான ஊர் மலேசியாவில் உண்டா? இந்நகரை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டு மலாய்க் கூட்டு மாநிலங்களுக்கென ஒரு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று அழைக்கப்படும் அந்த நிலையம் நூறாண்டுக்கும் மேலாக எண்ணற்றோருக்குப் புகலிடமாக இருந்துவருகிறது. ஆயினும், 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவேன்' என்று பிள்ளைகளை மிரட்டும் வழக்கமும், அந்த ஊரின் பெயரையே வசவாக்கிச் சிரிக்கும் வழக்கமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்ததால், மனம் சரியில்லை என்று வாய்திறந்து சொல்வதே அவமானம் என்னும் எண்ணம் இம்மாநிலத்தில் ஆழ வேரூன்றிவிட்டது. மருத்துவமனை அருகிலேயே இருந்தது. அங்கே செல்லும் மனத்துணிவோ வெகுதொலைவில் இருந்தது.

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது; 2023-இல் அந்த விகிதம் 4.6 விழுக்காடாகி, ஏறத்தாழ 10 லட்சம் பேரைத் தொட்டது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்களுக்குள்ள பங்கைக் காட்டிலும் தற்கொலைகளில் அவர்களுக்குள்ள பங்கு மிகுதி என்பதையும் பல ஆய்வுகள் தொடர்ந்து சுட்டிவந்துள்ளன. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய தண்டனைச் சட்டப் பிரிவு 2023-ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. சமூகம் தன் கடமையைச் செய்துவிட்டதா?

இந்தத் துயரின் வேர் எங்கே இருக்கிறது? தனிமனிதரின் மூளைக்குள் மட்டுமே அதைத் தேடுவோர் பாதிக் கதையையே கேட்டவராவர். கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் பெருந்தோட்டங்களாகப் பரவியபோது, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த மக்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். பிரட்டு எனப்படும் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து, உளியும் வாளியுமாகத் தம் நிரைக்குச் சென்று, மரம் மரமாகப் பால் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை மீண்டும் சேகரித்து, சுமந்துசென்று நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் வாழ்க்கையில் மூன்று நான்கு தலைமுறைகள் கழிந்தன. ஜப்பானியர் ஆட்சியில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம்–பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களுள் ஏராளமானோர் திரும்பவே இல்லை. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட, தோட்டங்கள் முள்வேலிக்குள் அடைபட்டன. அதன்பின், பெருந்தோட்டங்களைச் சிறு நிலங்களாகப் பிரித்து விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், பாட்டாளிகளின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் நோக்கோடு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த இடரை எதிர்கொள்ளத்தான். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிக் கட்டுப்பாட்டால் குடியுரிமை அற்ற ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் சிதறினர்.

இவ்வளவு இழப்புகளையும் இந்த மக்கள் எப்படித் தாங்கினர்? ஆற்றும் வழியே அறியாத மக்களா அவர்கள்? பத்து காஜாவுக்கு அருகில், வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கெல்லி மாளிகையின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. மாளிகைப் பணியில் ஈடுபட்ட தமிழ்த் தொழிலாளர்கள் முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய கொள்ளைக் காய்ச்சலுக்குப் பலியானபோது, எஞ்சியோர் தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டுமெனக் கேட்டனர் என்றும், ஸ்மித் அதைக் கட்டிக்கொடுத்தார் என்றும் அந்த வட்டாரத்தார் சொல்லிவருகின்றனர். அக்கோயிலின் மேற்புறத்தில் தெய்வச் சிலைகளுக்கிடையே தொப்பியணிந்த ஸ்மித்தின் உருவம் இன்றும் நிற்கிறது. சாவு சூழ்ந்த நேரத்தில் அம்மக்கள் கேட்டது என்ன? ஒன்றுகூடி அழவும், ஒன்றுகூடி வேண்டவும், ஒன்றுகூடி உண்ணவும் ஓர் இடம். தோட்டத்தில் ஒருவர் இறந்தால் லயத்துப் பெண்கள் கூடிக் கட்டியழுது பாடிய ஒப்பாரி, இறந்தவரின் வரலாற்றையும் இருப்பவரின் மனக்குறையையும் ஊரறியச் சொல்லித் தீர்க்கும் முறையாக இருந்தது. துயரைக் கேட்க ஆள் இருந்தார். துயரோடு அமரப் பயிற்சி இருந்தது. சமூகம் சுற்றிலும் இருந்தது. கூடவே கள்ளுக்கடையும் இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. தோட்டம் கலைந்தபோது முதல் மூன்றும் கலைந்தன. குடி மட்டும் மக்களோடு நகரத்துக்கு வந்துசேர்ந்தது.

இழந்த அந்த மூன்றையும் இக்காலத்துக்கு ஏற்ற வடிவில் மீட்பது எப்படி என்பதே இனி ஆராயத்தக்கது. முதலில் மேலை நாட்டு உளச்சிகிச்சையைப் பார்க்கலாம்.

வியன்னா மருத்துவர்களான யோசப் புரூயரும் சிக்மண்ட் ஃபிராய்டும் 1895-இல் வெளியிட்ட நூல், அடக்கிவைத்த நினைவுகளைச் சொல்லித் தீர்ப்பதால் நோயாளிகள் குணம்பெறுவதை எடுத்துக்காட்டியது. பிற்காலத்தார் ஃபிராய்டின் கோட்பாடுகள் பலவற்றை மறுத்தபோதிலும், ஒருவர் இடைமறிக்காமல் கேட்க இன்னொருவர் அஞ்சாமல் சொல்வது என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வுற்றோரிடம் 'எதற்கும் உதவாதவள்', 'எல்லாம் முடிந்துவிட்டது' என்பன போன்ற எண்ணங்கள் தாமாக எழுவதைக் கண்டு, அவ்வெண்ணங்களைச் சான்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கற்றுத்தரும் சிந்தனைச் சிகிச்சையை உருவாக்கினார். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணத்தோடு வாதாடி வெல்ல எல்லோராலும் இயல்வதில்லை. சிலரிடம் வாதாட வாதாட எண்ணம் பெருகுகிறது. அத்தகையோருக்கு எண்ணத்தை அணுகும் வேறொரு வழி தேவைப்பட்டது.

அந்த வேறொரு வழி எங்கிருந்து வந்தது? இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் புத்தர் அருளிய சதிபட்டான சுத்தம் என்னும் போதனையிலிருந்து வந்தது. உடல், உணர்வு, மனநிலை, மனத்தில் எழும் பொருள்கள் ஆகிய நான்கையும் அவை எழுந்து மறையும் நிலையிலேயே கவனிக்கப் பழகுவது அப்போதனையின் சாரம். சல்லத்த சுத்தம் என்னும் மற்றொரு போதனையில் புத்தர் துன்பத்தை அம்புக்கு ஒப்பிடுகிறார். உடலில் வலி ஏற்படும்போது பயிற்சியற்றவர் ஒரே நேரத்தில் இரண்டு அம்புகளால் தாக்கப்படுகிறார். வலி முதல் அம்பு, அதை எண்ணி எண்ணிப் புலம்புவதும் வெறுப்பதும் இரண்டாம் அம்பு. பயிற்சி பெற்றவரை முதல் அம்பு மட்டுமே தைக்கிறது. தோட்டம் கைவிட்டுப் போனது முதல் அம்பு. 'அதற்கு என் தலையெழுத்துதான் காரணம்' என்று நாற்பதாண்டு இரவெல்லாம் புரள்வது இரண்டாம் அம்பு. முதல் அம்பை எய்தவர் யார் என்று கேட்பது அரசியலின் கடமை. இரண்டாம் அம்பைப் பிடுங்குவது மருத்துவத்தின் கடமை. ஒன்றைச் செய்வதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

வேண்டாத எண்ணங்கள் வந்து அலைக்கழித்தால் என்ன செய்வது என்பதற்கு விதக்கசண்டான சுத்தம் என்னும் புத்தரின் போதனை ஐந்து படிகளைக் காட்டுகிறது. நல்லதொரு எண்ணத்தால் அதை மாற்றுவது, அதன் தீங்கை ஆராய்வது, அதைப் பொருட்படுத்தாமல் விடுவது, அது தோன்றிய காரணத்தை நோக்கிச் சென்று தணிப்பது, இவை எவையும் பயன்படாதபோது மனவுறுதியால் அடக்குவது என்பன அவை. இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வா, 1984-இல் வெளியிட்ட கட்டுரையில், இத்தகைய பௌத்த முறைகளுக்கும் தற்கால நடத்தைச் சிகிச்சை முறைகளுக்கும் உள்ள நெருங்கிய ஒப்புமையை எடுத்துக்காட்டினார்.

இவையெல்லாம் தமிழருக்கு அயலானவை என்று எண்ணுவோர் உண்டு. உண்மை என்ன? மனத்தின் இயல்பை நுணுகிப் பகுத்தாயும் பௌத்த அபிதம்ம மரபின் முதன்மைக் கையேடுகளுள் ஒன்றான 'அபிதம்மாவதாரம்' காவிரிப்பூம்பட்டினத்தில் எழுதப்பட்டது. அதை எழுதிய புத்ததத்தர் உறையூரைச் சேர்ந்தவர். தியான முறைகளை முழுமையாகத் தொகுத்துரைக்கும் 'விசுத்திமக்கம்' என்னும் நூலை இலங்கையில் எழுதிய புத்தகோசர், காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலில் குறிப்பிடுகிறார். சீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அந்தக் கடாரமே இன்றைய கெடா. பேராக்கிலும், பீடோர் ஈயச் சுரங்கமொன்றில் 1936-ஆம் ஆண்டு, கருணையின் வடிவாகப் போற்றப்படும் அவலோகிதேசுவரரின் எட்டுக் கைகளையுடைய வெண்கலச் சிலை கிடைத்தது. ஆக, இந்த மண்ணுக்கும் இந்த மொழிக்கும் புத்தரின் மனப்பயிற்சியோடு பழைய உறவு உண்டு.

மணிமேகலை என்னும் தமிழ்ப் பௌத்தக் காப்பியம் இந்த அவையின் பொருளுக்கு இன்னும் நெருங்கி நிற்கிறது. மகனை இழந்த அரசி இராசமாதேவி, மணிமேகலையே அதற்குக் காரணம் என்று சினந்து, அவளைச் சிறைப்படுத்திப் பலவாறு கொடுமைக்கு உள்ளாக்குகிறாள். மணிமேகலை அந்தக் கொடுமைகளைத் தாங்கி நின்று, அரசியின் சினத்துக்கு அடியில் கிடக்கும் துயரைக் கண்டு, மகனின் உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா என்னும் கருத்துப்பட வினவி, அவள் மனத்தைத் தெளிவிக்கிறாள். வினவித் தெளிவிக்கும் அம்முறை உளச்சிகிச்சைக்கு உறவானது. அதே மணிமேகலை அறம் உரைப்பதற்கு முன் அமுதசுரபி ஏந்திப் பசித்தோருக்குச் சோறிட்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு அரசனிடம் வேண்டினாள். முதலில் சோறு, அடுத்துச் செவி, அதன்பின் போதனை. இந்த வரிசை மாறலாகாது.

இனி, இருவேறு மரபுகளும் தற்காலத்தில் சந்தித்த வரலாற்றுக்கு வரலாம். 1957-ஆம் ஆண்டு மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃபிராம், ஜென் பௌத்த அறிஞர் சுசுகியை அழைத்து நடத்திய கருத்தரங்கு அறிஞர்களிடையே உரையாடலைத் தொடங்கிவைத்தது. அந்த உரையாடல் நோயாளியின் படுக்கையருகே வந்தது 1979-இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், உயிரியல் அறிஞர் ஜான் கபட்-ஸின், மருத்துவத்தால் தீராத நாட்பட்ட வலியோடு வாழ்வோருக்கென, பின்னாளில் எட்டு வாரப் பயிற்சியாக நிலைபெற்ற பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயச் சடங்குகள் எவையும் இன்றி, மூச்சைக் கவனித்தல், படுத்தபடி கால்விரல் முதல் தலைவரை உடலின் ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்தல், எளிய யோகப் பயிற்சி ஆகியவை அதில் இடம்பெற்றன.

அதன் அடியொற்றி, செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்னும் உளவியலாளர் மூவர், பெக்கின் சிந்தனைச் சிகிச்சையையும் இந்த விழிப்புணர்வுப் பயிற்சியையும் இணைத்தனர். அவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது: மனச்சோர்விலிருந்து மீண்டவர் மீண்டும் மீண்டும் அதே குழியில் விழுவது ஏன்? மீண்டவருக்கும் எல்லோரையும்போல ஒருநாள் மனம் வாடும். ஆனால் அந்தச் சிறு வாட்டமே பழைய எண்ணச் சங்கிலி முழுவதையும் இழுத்துவந்துவிடுகிறது. சங்கிலியின் முதல் கண்ணியிலேயே அதைக் கண்டுகொண்டு, 'இது ஓர் எண்ணம், அவ்வளவே' என்று அடையாளம் கண்டு, மூச்சுக்குத் திரும்பக் கற்றவர் குழிக்குள் விழாமல் தப்ப வாய்ப்பு உண்டு. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களின் ஆய்வில், மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வுற்றவர்களிடையே நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இரண்டு முறை மட்டுமே உற்றவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. 2015-இல் பிரிட்டனில் 424 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில், இப்பயிற்சி பெற்று மருத்துவர் துணையோடு மருந்தைக் குறைத்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டுகளுக்குள் நோய் திரும்பியது. மருந்தை விடப் பயிற்சி மேலானது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை; சிலருக்கு மருந்துக்கு இணையான துணையாகப் பயிற்சி நிற்கமுடியும் என்பதையே அது காட்டியது. மிகைப்படுத்தாத இந்த உண்மையே நம்பிக்கைக்குப் போதுமானது.

குடியால் சிதைந்த குடும்பங்களை அறிந்த இந்த அவை, ஆலன் மார்லட் என்னும் அமெரிக்க உளவியலாளரின் பணியையும் அறிந்துகொள்வது நல்லது. குடிக்கவேண்டும் என்னும் வேட்கை எழும்போது அதை எதிர்த்துப் போரிடாமலும் அதற்குப் பணியாமலும், நெஞ்சில் எழும் படபடப்பு, நாவின் வறட்சி, கையின் பதற்றம் என்று அது உடலில் எங்கெங்கே தோன்றுகிறது எனக் கவனித்தபடி இருந்தால், அது கிளர்ந்து, உச்சம் தொட்டு, தானே தணிவதைக் காணலாம் என்று அவர் கற்பித்தார். குடிப்பவரை ஏசுவதும் கோயிலில் சத்தியம் வாங்குவதும் தவிர வேறு வழி அறியாத குடும்பங்களுக்கு இது புதியதொரு கதவு.

தமிழ் மக்களிடையே இந்த இணைப்பு நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது, அதுவும் போரின் நடுவே நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரால் மனவடுப்பட்ட மக்களுக்குச் சிகிச்சை அளித்தபோது, மேலை நாட்டு முறைகளோடு அம்மக்களின் மரபில் ஏற்கெனவே இருந்த அமைதிப் பயிற்சிகளையும் இணைத்தார். சைவர்களுக்கு மந்திர உச்சரிப்பு, பௌத்தர்களுக்கு அவர்களின் தியானமும் சரண மொழியும், கிறித்தவர்களுக்கு அவர்களின் செபம் என்று ஒவ்வொருவரும் தத்தம் நம்பிக்கைக்கு ஏற்ற வழியிலேயே மூச்சையும் மனத்தையும் தணிக்கக் கற்றனர். அத்தோடு, தனிமனிதர்களின் மனவடுக்களைக் கூட்டினால் மட்டும் விளங்காத ஒரு காயம் உண்டு என்பதையும், குடும்பமும் ஊரும் உறவும் நம்பிக்கையும் ஒருசேரச் சிதையும் அந்தக் கூட்டு மனவடுவுக்குச் சமூகம் தழுவிய சிகிச்சையே வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். யாழ்ப்பாணத்துப் போரையும் பேராக் தோட்டங்களின் கலைவையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகாது. ஆயினும் அவர் கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும்.

எவ்வாறு பொருந்தும்? எடுத்துக்காட்டுக்காக ஒரு பெண்மணியைக் கற்பித்துக்கொள்ளலாம். அறுபது வயதைக் கடந்தவர். இளமையெல்லாம் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டபின் ஈப்போவில் ஓர் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் மகன் குடும்பத்தோடு வாழ்பவர். அடிக்க மணியும் இல்லை, அழைக்கப் பிரட்டும் இல்லை. எனினும் விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மருத்துவரிடம் அவர் சொல்வது, 'நெஞ்சு அடைக்குது, கைகாலெல்லாம் ஓய்ஞ்சு போவுது, ஒரே யோசனையா இருக்கு' என்பதே. இதயத்தைச் சோதித்துப் பார்த்துக் குறையேதும் இல்லை என்கின்றனர். அவரோ, தம் வலியை எவரும் நம்பவில்லை என்று மேலும் ஒடுங்கிப்போகிறார்.

தமிழ் பேசும் உளநல ஆலோசகர் ஒருவர் அவரைச் சந்திக்கிறார் என்று கொள்ளலாம். முதல் சில வாரங்கள் கேட்பதிலேயே கழிகின்றன. 'அம்மா, அந்தத் தோட்டத்தைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்ட பிறகே, கடைசி நாளில் பூட்டப்பட்ட லயத்து வீடும், பெயர்த்து எடுத்துச்செல்ல முடியாமல் போன கோயிலும், அக்கம்பக்கத்தில் யாரெனத் தெரியாத மாடியில் கணவர் இறந்தபோது ஒப்பாரி வைக்கவும் ஆளின்றி நடந்த இறுதிச் சடங்கும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. துயரைக் கேட்க ஓர் ஆள் வந்துவிட்டார்.

அடுத்துப் பயிற்சி தொடங்குகிறது. அவருடைய துயர் உடல் வழியாகப் பேசுகிறது. எனவே பயிற்சியும் உடலிலிருந்தே தொடங்குகிறது. நாற்காலியில் அமர்ந்தபடி, பாதம் தரையைத் தொடுவதை, ஆண்டுக்கணக்கில் உளி பிடித்த வலது மணிக்கட்டின் இறுக்கத்தை, வாளி சுமந்த தோளின் வலியை, அடைப்பதாகத் தோன்றும் நெஞ்சில் மூச்சு உள்ளே வந்து வெளியே போவதை, மாற்ற முயலாமல் கவனிக்கக் கற்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு 'எல்லாருக்கும் பாரமா இருக்கேன்' என்னும் எண்ணம் வரும்போது, அதை எண்ணமென அடையாளம் கண்டு, மூன்று நிமிடம் மூச்சோடு இருக்கப் பழகுகிறார். பகலில் ஆலோசகரோடு அமர்ந்து, பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர் பாரமாவது எவ்வாறு என்று அந்த எண்ணத்தையே சான்று கேட்கிறார். சிந்தனைச் சிகிச்சையும் தியானமும் இங்கே ஒன்றையொன்று தாங்குகின்றன: ஒன்று எண்ணத்தின் உண்மையை ஆராய்கிறது, மற்றது ஆராய்வதற்கு வேண்டிய அமைதியைத் தருகிறது.

இத்தோடு முடிந்ததா? முடியவில்லை. அதே தோட்டத்தில் வாழ்ந்து சிதறியவர்கள் வாரம் ஒருநாள் கோயில் மண்டபத்தில் கூடி, சேர்ந்து பயின்று, சேர்ந்து பேசி, சேர்ந்து உண்ணும்போதுதான் மருத்துவம் நிறைவு பெறுகிறது. எட்டு வாரப் பயிற்சியும் இயல்பிலேயே குழுவாகக் கற்கும் முறையாகத்தான் அமைந்திருக்கிறது. அதைத் தமிழில், தோட்டத்து மக்களின் பேச்சில், அவர்கள் அறிந்த இடத்தில் நடத்தினால் பலன் பெருகும்.

இந்த இடத்தில் சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது. தியானம் எல்லா நோய்க்கும் மருந்தென்று சொல்வோரை நம்பலாகாது. இல்லாத குரல்கள் கேட்கும் மனப்பிறழ்வு நோய் உடையோரும், கொடிய வன்முறையின் நினைவுகளைச் சுமப்போரும், தற்கொலை எண்ணம் மேலோங்கியோரும் மருத்துவ மேற்பார்வை இன்றி நெடுநேரத் தியானத்தில் அமர்ந்தால், அடங்கியிருந்த நினைவுகள் வெள்ளமாகப் பெருகி நோய் கூடவும் இடமுண்டு. மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துவது பெருங்கேடு. 'எல்லாம் மாயை, பற்றை விடு' என்று சொல்லி, அழவேண்டிய துயரை அழவிடாமல் தடுப்பதும் கேடே. ஆன்மிகத்தை அரணாக்கிக்கொண்டு மனக்காயத்திலிருந்து ஓடி ஒளியும் இந்தப் போக்கை அமெரிக்க உளச்சிகிச்சையாளர் ஜான் வெல்வுட் 1984-ஆம் ஆண்டு முதல் சுட்டிக்காட்டி எச்சரித்தார். இன்னொரு எச்சரிக்கை அனைத்திலும் முக்கியமானது: கூலி கிடைக்காதவருக்கும், வீட்டை விட்டு வெளியேற்றப்படுபவருக்கும், அடையாள அட்டை இல்லாதவருக்கும் பொறுமையை மட்டும் போதிப்பது அநீதிக்குத் துணைபோவதாகும். மனத்தை அமைதிப்படுத்துவது, உரிமையைத் தெளிவோடு கேட்பதற்கான வலிமையாக வேண்டும்.

இப்பயிற்சியை மேற்கொள்வதால் முருகனடியார் தம் வழிபாட்டை விடவேண்டுமா என்னும் ஐயமும் சிலருக்கு எழலாம். விடவேண்டியதில்லை. மருத்துவமனைகளில் இது சமயச் சார்பின்றியே கற்பிக்கப்படுகிறது. ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயிலில் காவடி சுமப்பவரும், இந்நகரின் சுண்ணாம்புக் குன்றுக் குகையொன்றில் 1926-இல் தோன்றிய பேராக் தோங் பௌத்தக் கோயிலில் ஊதுவத்தி ஏற்றுபவரும் ஒரே மூச்சையே விடுகின்றனர். அந்த மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தந்த புத்தருக்கு நன்றியோடு இருப்பதே போதும்.

எனவே பேராக் தமிழ்ச் சமூகம் செய்யவேண்டியது யாது? தமிழில் உரையாடி மனநல ஆலோசனை வழங்கும் தகுதி பெற்றோரை உருவாக்கவேண்டும். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டப்படி பதிவுபெறும் இப்பணியைத் தம் பிள்ளைகளுக்குரிய உயர்ந்த தொழிலாகப் பெற்றோர் கருதவேண்டும். கோயில் நிர்வாகங்கள் வாரம் ஒரு மாலையேனும் தம் மண்டபத்தை இத்தகைய குழுக்களுக்குத் திறந்துவிடவேண்டும். அரசின் மெண்டாரி சமூக மனநல மையங்களையும், ஈப்போவில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வத் தொண்டர்களின் தொலைபேசிச் சேவையையும் தோட்டத்து மக்கள் அறியச் செய்யவேண்டும். தஞ்சோங் ரம்புத்தானின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டும் வழக்கத்தை ஒவ்வொரு வீடும் இன்றோடு நிறுத்தவேண்டும்.

இவற்றுள் பெருஞ்செல்வம் கேட்பது எது? எதுவும் இல்லை. மாதச் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கிய சமூகம் இது; மரத்தடியில் தமிழ்ப்பள்ளி தொடங்கிப் பட்டதாரிகளை உருவாக்கிய சமூகம் இது. நிலத்துக்காகக் கூடியவர்களால், பள்ளிக்காகக் கூடியவர்களால், மனத்துக்காகவும் கூடமுடியும். கேட்க ஓர் ஆள், இருக்க ஒரு பயிற்சி, மாற்ற ஒரு சமூகம் என்னும் மூன்றையும் இந்த மாநிலத்தின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருங்கே நிறுவும் பணியை ஆசிரியர்களும் மருத்துவர்களும் கோயில் பொறுப்பாளர்களும் தொழிற்சங்கத்தாரும் தோள்சேர்த்துத் தொடங்குவார்களாக!